உன் அத்தை போனை வைத்த நாள்

கண்ணு,

நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்னாய்: "அம்மா, ஆபீஸ்ல முடியாதுன்னு சொல்லிடப் போறேன். மலைக்கு வேற யார்னா போவட்டும்." ஏன்டா என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாய். "உன்னத் தனியா வுட்டுட்டு எப்பிடிமா?" என்றாய். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். பதில் இல்லாமல் போகவில்லை. எனக்கா பதில் வராது? என் வாய்க்குப் பயந்து திருவல்லிக்கேணி ஆட்டோக்காரர்கள் மீட்டர் போடுவார்கள் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும். நீயும் என் வயிற்றில் பிறந்தவன்தானே, நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய். அதனால்தான் எழுதுகிறேன். திங்கட்கிழமை அடையாறு ஆபீசுக்குப் போய் மேனேஜர் எதிரில் நிற்பதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடு. பாதியில் மடித்துப் பைக்குள் போடாதே.

உன் வேலை என்னவென்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தெரியுமா? லாபம் வராத ஊருக்கு எந்தக் கம்பெனியும் தானாகப் போய் போனோ நெட்டோ கொடுக்காது. அதற்காக கவர்மெண்டு மானியம் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் டவர் நிற்கிறது, மண்ணுக்குள் கேபிள் போகிறது, பள்ளிக்கூடத்திலும் பஞ்சாயத்து ஆபீசிலும் ஒரு பெட்டி மாட்டுகிறார்கள். மாட்டினதோடு போகாமல் அது சாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் என் பையன் என்று பெருமையாகச் சொல்வேன். உன் அப்பா பிறந்த மலைக்கே உன்னைப் பொறுப்பாகப் போடுகிறார்கள் என்று நீ வந்து சொன்ன அன்று கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். போன வாரம் மேல்மாடி மேன்ஷன் பையன் ரீசார்ஜ் பண்ண வந்தவன், "இன்னா ஆன்ட்டி, நாலு வூட்டுக்கு இவ்ளோ செலவா? நம்ம கட்டுற காசுலர்ந்துதான புடுங்கிக் குடுக்குறாங்க?" என்றான். நீ உள்ளே இருந்து, "கரெக்ட்டு மச்சி" என்று சிரித்தாய். விளையாட்டுக்குத்தான் சிரித்தாய், எனக்குத் தெரியும். ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அந்த நாலு வீட்டில் ஒரு வீட்டுக்குப் போன் இல்லாமல் போயிருந்தால் நீ சிரிக்க வாயே இருந்திருக்காது. அந்தக் கதையை உனக்கு நாங்கள் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. உன் அப்பா ஆரம்பிப்பார், பாதியில் நான் குறுக்கே பேசிக் கெடுத்துவிடுவேன். இப்போது ஆரம்பிக்க அவர் இல்லை, நானே சொல்கிறேன்.

இந்தத் திருவல்லிக்கேணிக் கடையில் அப்போது ஜெராக்ஸ் மெஷின் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. மேன்ஷன் படிக்கட்டை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு போன், வெளியே மஞ்சள் போர்டு. ஒரு கால் போலியோவில் போனவள் என்பதால் ஒதுக்கீட்டில் எனக்குக் கிடைத்த எஸ்.டி.டி. பூத் அது. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டி ஒற்றை அறை வீடு, பத்தாவது வரைக்கும் படிப்பு, நடக்க ஒரு கம்பு, அவ்வளவுதான் நான். அப்படிப்பட்டவளை நம்பி ஒரு போனைக் கொடுத்தார்கள். அந்தப் போன் எனக்குச் சோறு போட்டது, என் தம்பியைப் படிக்க வைத்தது. கவர்மெண்டைத் திட்டுகிற நாளில் நானும் எல்லாரையும் போலத் திட்டுவேன். ஆனால் கொடுத்த கையை மறந்து பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. கட்டணம் குறைவு. மேன்ஷன் பையன்கள் குளித்துத் தலை வாரிக்கொண்டு வந்து என் பெஞ்சில் வரிசையாக உட்காருவார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் போன் இருக்காது, ஊருக்கே ஒரு போன்தான் இருக்கும், ஏதாவது கடையில். முதலில் ஒரு போன் போட்டு, "அண்ணே, எங்கம்மாவக் கூப்புட்டு வைங்க, கால் மணி நேரத்துல மறுபடி பண்றேன்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அப்புறம் காத்திருப்பார்கள். அங்கே ஒரு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். இரண்டாவது போனில்தான் பேச்சு. பேசுகிற நேரத்தை விடக் காத்திருக்கிற நேரம்தான் அதிகம். சில சமயம் பாதிப் பேச்சில் லைன் நின்றுவிடும், பையன் முகம் வாடிப் போய்க் கூண்டிலிருந்து வெளியே வருவான். "அம்மா வெச்சிட்டாங்க அக்கா, கோவம் போல" என்பான். "சீ, கோவமெல்லாம் இல்ல, லைன் போச்சுப்பா" என்பேன். உண்மையில் எனக்குத் தெரியும். லைன் செத்தால் ஊமையாகப் போகும். யாராவது வைத்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். வருஷக்கணக்கில் அந்தப் போனோடு குடித்தனம் பண்ணினவளுக்கு அது கூடவா தெரியாது? இருந்தாலும் அப்படித்தான் சொல்லி அனுப்புவேன்.

உன் அப்பாவுக்குக் கால் மணி நேரம் போதாது, முக்கால் மணி வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை அவருக்கு. அம்மா அப்பா இல்லாதவர். வளர்த்தது அக்கா, உன் அத்தை. அவள் வீடும் கொல்லைக்காடும் மேட்டில் இருந்தன, போன் இருந்த பெட்டிக்கடை பள்ளத்தில். கடைக்காரர் ஆள் அனுப்பி, அந்த ஆள் ஏறிப் போய்ச் சொல்லி, அவள் இறங்கி வர வேண்டும். அந்த முக்கால் மணி நேரம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் அப்பா என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கள் காதலுக்குப் பீச்சும் கிடையாது, பார்க்கும் கிடையாது. மெரினா கூப்பிடு தூரம், ஒரு நாள் போனதில்லை. எல்லாம் அந்தப் பெஞ்சிலேயே நடந்தது. முதலில் மழையைப் பற்றிப் பேசினார், அப்புறம் அக்காவைப் பற்றி. அதற்கப்புறம் மற்ற நாட்களிலும் எதற்காவது வந்து நின்றார், போன் பண்ண ஆளே இல்லாமல். நான் என்ன, புரியாதவளா?

கல்யாணம் என்று அவர் வாயைத் திறந்ததும் நான் முதலில் சொன்னது, "உங்கக்கா ஒத்துக்க மாட்டாங்க" என்பதுதான். எனக்கு அனுபவம் உண்டு. பெண் பார்க்க நாலு பேர் வருவார்கள், மிக்சரையும் காபியையும் காலி பண்ணுவார்கள், நான் எழுந்து நடந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், "போயி சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிவிடுவார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பியதில்லை. உன் அப்பாவோ, அக்கா சரி என்றால்தான் தாலி என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். தன் கல்யாணத்தையே வேண்டாமென்று தள்ளி, கேழ்வரகு விதைத்துத் தம்பியை ஆளாக்கியவள். அவளை மீறி எதுவும் செய்ய மாட்டேன் என்றார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது, அதனால்தான் பயமாகவும் இருந்தது.

அவள் சென்னைக்கு வர முடியாது, அறுப்பு நேரம். "போன்ல பொண்ணு பாக்குறேன், பேசச் சொல்லு" என்றாளாம். கேட்டாயா கூத்தை? உலகத்தில் எல்லாரும் பெண்ணைக் கண்ணால் பார்ப்பார்கள். உன் அம்மாவைக் காதால் பார்த்தார்கள். உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "போன்ல காலு தெரியாதுல்ல? மொதல்ல குரலப் புடிக்கட்டும். கால் விஷயத்த நான் அப்பறமா மெதுவாச் சொல்லிக்கிறேன்" என்றார். நான் கம்பை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். "அந்தக் கதையே வேணாம். கேக்குறவங்களுக்கு முழுசாத் தெரியணும். நானே சொல்றேன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கூண்டுக்குள் நானே வாடிக்கையாளராகப் போய் நின்றேன். அந்தப் பக்கம் ஊரே பெட்டிக்கடையில் கூடியிருந்தது, சிரிப்புச் சத்தம் கேட்டது. உன் அத்தை அதற்கு முன் தம்பியோடு மட்டும்தான் போனில் பேசியிருக்கிறாள். மலைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளைக் கூப்பிடுவது போலக் கத்தினாள். "யாரு, பொண்ணா? என்னா சமைப்ப?" என்றாள். "மீன் கொழம்பு நல்லா வெப்பேன் அக்கா" என்றேன். "எங்கூர்ல மீனு ஏது? கோழி அடிப்பியா?" என்றாள். "அடிப்பேன் அக்கா." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்படியே நிறுத்தியிருக்கலாம். "அக்கா, ஒண்ணு சொல்லணும். எனக்கு ஒரு கால் வராது. சின்னதுல போலியோ. கம்பு வெச்சிகினுதான் நடப்பேன்" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஒரு கோழி கத்துவது கேட்டது. அப்புறம் டொக்.

வெளியே உன் அப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். "லைன் போயிருக்கும்" என்றார். "யார்கிட்ட கதை வுடுற? எனக்கேவா?" என்றேன். மறுபடி போட்டார். எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாகப் பதிவு செய்த பெண் குரல் ஒன்று சொன்னது. அன்று முழுக்க அதையேதான் சொன்னது, மறுநாளும் அதையேதான். அந்தப் பெண்ணுக்கும் என் கல்யாணத்துக்கும் அப்படி என்ன ஜென்மப் பகையோ என்று இருந்தது. ஐப்பசி மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது. தீபாவளி நேரம், கடையில் உன் அப்பாவுக்கு லீவு கொடுக்கவில்லை. "பண்டிக முடிஞ்சதும் நேர்ல போய்க் கேட்டுட்டு வரேன்" என்றார். "இன்னாத்தக் கேக்கப் போற? டொக்குனு வெச்சதுதான் பதிலு" என்றேன். உன் அத்தையை நான் அந்த நாட்களில் திட்டாத திட்டு இல்லை, எல்லாம் மனசுக்குள்தான். பகலில் கடையைப் பார்த்தேன், பையன்களுக்கு நம்பர் போட்டுக் கொடுத்தேன். போன் மணி அடித்தால் மட்டும் முதல் மணியிலேயே எடுத்தேன்.

தீபாவளிக்கு முந்தின நாள், கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் மணி அடித்தது. "யாரு, சென்னப் பொண்ணா? நான்தான், அக்கா!" காது கிழிகிற மாதிரி அதே கத்தல். ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அவளே பேசினாள். "போனு செத்துப் போச்சும்மா. இங்க கம்பி கெடையாது, வெயில்ல ஓடுற போனு. மழையில பேட்டரி போயிடுச்சு. இன்னைக்கித்தான் ஒரு ஆளு புது பேட்டரியத் தலமேல தூக்கிக்கிட்டு ஏறி வந்து மாட்டுனாரு. மொத போனு உனக்குத்தான் போடச் சொன்னேன்."

"அக்கா, அன்னிக்கி ஏன் வெச்சிட்டீங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"பேசப் பேச உனக்குக் காசு ஓடுதுன்னு கடக்காரன் பக்கத்துலயே நின்னு சொல்லிக்கிட்டு இருந்தான். நீ உண்மையச் சொன்ன, எனக்குப் புடிச்சுப் போச்சு. முடிவு ஆனதுக்கு அப்பறம் என்னாத்துக்கு ஊரான் காச வீணாக்கணும்னு வெச்சேன். சரின்னு ஒரு வார்த்த, அதத் தம்பிகிட்ட மறுவாட்டி சொன்னாப் போச்சுன்னு நெனச்சேன். இந்தப் பாழாப்போன போனு சாவும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"என் காலு அக்கா?"

"காலுக்கு என்னாம்மா? மேடு ஏறணும்னா என் தம்பிக்கு முதுகு இருக்குது. கம்பு ஒசரம் மட்டும் சொல்லு, இங்க நல்ல மரத்துல ஒண்ணு செதுக்கி வெக்கிறேன். சரி, இப்ப எங்காசு ஓடுது, வெக்கிறேன்." டொக்.

கண்ணு, அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. எதிர்க்கடை ஜமீலா அக்கா யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்து, "யாரு மௌத்து?" என்று கேட்டாள். "மௌத்து இல்ல அக்கா, நிக்காஹ்" என்றேன். அவள்தான் ஆள் அனுப்பி உன் அப்பாவை வரவழைத்தாள்.

கல்யாணத்துக்கு அப்புறம் மலைக்குப் போனபோது அந்தப் பேட்டரிக்காரரைப் பற்றி விசாரித்தேன். "பேரு கேக்கல. மோர் குடுத்தோம், குடிச்சிட்டு எறங்கிப் போனாரு" என்றாள் உன் அத்தை. பெட்டிக்கடைக்காரருக்கு மட்டும் அவர் பேசியது கொஞ்சம் ஞாபகம் இருந்தது. இந்தப் போன் சம்பாதிக்கிற காசு அதன் பேட்டரிக்கே காணாது, இது சாகாமல் இருக்கத்தான் கவர்மெண்டு தனியாகப் பணம் கொடுக்கிறது, செத்தால் என்னைக் கேள்வி கேட்பார்கள் என்று சொன்னாராம். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பிற்பாடு நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஊரில் இருக்கிற போன் கம்பெனிகளின் வருமானத்தில் ஒரு பங்கைக் கவர்மெண்டு வாங்கி, லாபமில்லாத ஊர்களுக்குக் கொடுக்கிறதாம். மயிலாப்பூரில் ஜாதகம் பார்த்துப் பேசினவர்கள், தி.நகரில் பட்டுப்புடவை வந்துவிட்டதா என்று கேட்டவர்கள், அடையாறில் மணிக்கணக்கில் வம்பு பேசினவர்கள், எல்லார் பில்லிலிருந்தும் ஒரு துளி மலைக்கு ஏறியிருக்கிறது. இந்த மெட்ராஸே கூடி என் கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கிறது, பேர் தெரியாமல், சாப்பாடும் சாப்பிடாமல். யாருக்குத் திருப்பி எழுதுவது? அதனால்தான் அந்த மேன்ஷன் பையன் 'புடுங்குறாங்க' என்றபோது எனக்குக் கோபம் வந்தது. அவனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அந்த மொய்ப்பணத்தில் வந்த பிள்ளை.

அதோடு முடிந்ததா? உன் அப்பா போன நாளை நான் பேசுவதே இல்லை, இன்று பேசுகிறேன். ஊரடங்கு நேரம், பஸ் ஓடவில்லை, காலையில் நெஞ்சு வலி என்றவர் மத்தியானம் இல்லை. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவள் மலையில் இருக்கிறாள், அவளால் வர முடியாது. பெட்டிக்கடைப் போன் எல்லாம் அப்போது எப்போதோ போய்விட்டது. அதே மாதிரி மானியத்தில் வந்த டவர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. நீ பள்ளிக்கூடத்துப் பையன், மீசை கூட ஒழுங்காக வரவில்லை. நீதான் வீடியோ கால் போட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு அப்பா தலைமாட்டில் நின்றாய். "தம்பி மூஞ்ச நல்லாக் காட்டுடா, இன்னுங் கிட்டக் காட்டு" என்றாள் அத்தை. நீ கடைசி வரை போனை இறக்கவில்லை. அவள் அங்கிருந்து ஒப்பாரி வைத்தாள், உன் உள்ளங்கையிலிருந்து அது சந்து முழுக்கக் கேட்டது. தூக்குகிறவர்கள் அவள் முடிக்கும் வரை நின்றார்கள். அவளுக்கு அன்று தம்பி முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைத்தது. அதற்கும் எவனோ ஒருவன் மேடேறிப் போய் அந்த டவரை உயிரோடு வைத்திருந்திருக்க வேண்டும், அவன் பெயரும் நமக்குத் தெரியாது. அந்தப் பேட்டரிக்காரரும் இவனும் நன்றாக இருக்கட்டும்.

இப்போது அந்த வேலை உன்னிடம் வந்திருக்கிறது. போகிறதானால் இரண்டு சொல்கிறேன், கேள். பெட்டியைத் திறக்கிற ஊரில் எல்லாம் உன் பெயரைச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பி. என்னைப் போல எவளாவது நன்றி சொல்லத் தேடுவாள். நாலு வீடுதானே, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு நாளும் நினைக்காதே. அந்த நாளில் யாருக்கு எந்தப் பதில் பாதியில் நிற்கிறது என்று உனக்குத் தெரியாது. நான் நின்றிருக்கிறேன் அந்த இடத்தில், அது பொல்லாத இடம்.

என்னைப் பற்றி நீ படுகிற கவலைக்கு வருகிறேன். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் நான் அடையாறு வரைக்கும் போய் வருகிறேன், நீ பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில். ஜமீலா அக்கா நோன்புக் கஞ்சியிலிருந்து பிரியாணி வரைக்கும் எட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். மேல்மாடிப் பையன்கள் கேஸ் சிலிண்டரை மாற்றித் தருகிறார்கள், நான் திட்டினாலும். நீ இல்லாத வீடு வெறிச்சென்றுதான் இருக்கும், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். முதல் வாரம் அழுவேன். அழுதுவிட்டுக் கடையைத் திறப்பேன்.

மலை பிடிக்கவில்லையா, சொல். சம்பளம் போதவில்லையா, அதையும் சொல். உன் வாழ்க்கை, நான் மறுவார்த்தை பேச மாட்டேன். ஆனால் அந்த மேனேஜரிடம் என் காலைக் காரணமாகச் சொல்லாதே. இந்தக் காலைக் காட்டி வேண்டாம் என்று போனவர்கள் நிறைய பேர் உண்டு, கண்ணு. அவர்கள் எல்லாரும் வெளி ஆட்கள். நம் வீட்டில் இதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

அம்மா